ஆறாவது கிலோமீட்டரில் வடை

பிரான்சுக்குப் போய் ஈபிள் கோபுரத்தைப் பார்க்காமல் திரும்பி வந்த ஒரே கொழும்பு வெள்ளவத்தைக்காரி நானாகத்தான் இருப்பேன். கோபுரத்துக்கு முன்னால் நின்று எடுத்த படம் எங்கே என்று கேட்கிறவர்களுக்குக் காட்ட என்னிடம் இருப்பது, ஒரு முழுப் பன்றித் தொடையைக் கட்டிப்பிடித்தபடி நான் நிற்கிற படம் மட்டுமே. அம்மாவுக்கு அதை இன்னும் காட்டவில்லை.

நான் போனது ஊர் பார்க்க அல்ல. என் தங்கை வாசுகியைக் கூட்டிக்கொண்டு வரத்தான் போனேன். அவளுடைய கணவர் ரவி இறந்து அப்போது ஒன்றரை வருடம். நெஞ்சு நோகிறது என்று சொன்ன அன்றே போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. பாரிஸிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம் தள்ளி, மாடுகளும் சூரியகாந்தியும் நிறைந்த ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வாசுகிக்கு வேலை. வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை.

"அவளுக்கு அங்கை ஆர் இருக்கினம்? போய்க் கூட்டிக்கொண்டு வா" என்றார் அம்மா. சொன்னதோடு நிற்கவில்லை. எங்கள் ஃபிளாட்டில் சாமான் அடுக்கி வைத்திருந்த அறையை ஒழித்து, புதுக்கட்டில் வாங்கிப் போட்டு, பெட்ஷீட்டும் விரித்துவிட்டார். எனக்கு விசா கிடைத்தது அதற்குப் பிறகுதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் வரவேண்டும் என்று எனக்கும் ஆசைதான். நான் கலியாணம் கட்டவில்லை. ஏ-லெவல் பிள்ளைகளுக்கு ரசாயனம் படிப்பிக்கிறேன். மிச்ச நேரமெல்லாம் அம்மாவின் பிரஷர் குளிசை, அம்மாவின் முழங்கால், அம்மாவின் முறைப்பாடுகள். இருபது வருடத்துக்கு மேலாக ஒருத்தி தனியாகத் தூக்கியதை இன்னொருத்தி வந்து ஒரு பக்கம் பிடித்தால் என்ன குறைந்துவிடும்? தங்கை மேல் இருந்த பாசத்தில் இந்தக் கணக்கும் கலந்திருந்தது. எவ்வளவு வீதம் என்று என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

இதற்குள் ஓட்டம் எப்படி வந்தது என்றால், சீனி வருத்தத்தால் வந்தது. டொக்டர் நடக்கச் சொன்னார். கடலோர மரைன் டிரைவில் தினமும் விடியற்காலையில் நடந்தேன். நடை மெல்ல ஓட்டமானது. ஐம்பத்தொரு வயதில், சுடிதாரும் சப்பாத்துமாக நான் ஓடுவதைப் பார்த்த செவ்விளநீர்க்காரர் முதல் நாளே, "அக்கே, கவுருஹரி பன்னனவத?" என்று சிங்களத்தில் கேட்டார். யாராவது துரத்துகிறார்களா என்று அவருக்கு நிஜமான கவலை. ஆனால் போட்டி எதிலும் நான் ஓடியதில்லை. கொழும்பில் போட்டி என்றால் ஏதாவது ஒரு கம்பெனியின் பெயர் போட்ட டி-சேர்ட்டை மாட்டிக்கொண்டு, பிரதம விருந்தினர் வரும்வரை ஒரு மணி நேரம் வெயிலில் நிற்கவேண்டும். ஓடுவதற்கு முன்பே களைத்துவிடும்.

வாசுகியின் வீட்டில் முதல் வாரம் எனக்கு மூச்சு முட்டியது. யன்னல் சீலைகள் திறப்பதில்லை. தொலைக்காட்சியில் தமிழ்த் தொடர் சத்தமில்லாமல் ஓடும். ரவியின் வேலைச் சப்பாத்து கதவடியில் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள், "அம்மா அறை எல்லாம் ஒழிச்சு வச்சிருக்கிறா" என்று மெல்லத் தொடங்கினேன். "பாப்பம்" என்றாள். எங்கள் குடும்பங்களில் பாப்பம் என்றால் ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. அதற்கு மேல் தோண்டினால் சண்டைதான் வரும்.

நாலாம் நாள் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனேன். நம் ரோஸ் பாணை ஒரு முழம் இழுத்துக் கல்லாக்கியது போல ஒன்று. அந்தக் கடைக் கதவில், தொலைந்துபோன பூனையின் படத்துக்குப் பக்கத்தில் கையால் எழுதிய ஒரு அறிவித்தல். ஒரு வெங்காயப் படம், கீழே ஓடுகிற மனிதன், 10 என்ற இலக்கம். வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"அது பக்கத்து ஊர் வெங்காய ஓட்டம். இங்கை கோடை முழுக்க உந்த விசர்தான்" என்றாள் வாசுகி. "ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு ஊர்க்காரர் தங்கட தங்கட ஊரைச் சுத்தி ஓடுவினம்."

"இன்டர்நெட்டில போட மாட்டினமே?"

"போடுவினம். ஓடி முடிஞ்ச பிறகு."

அன்றிலிருந்து எனக்கு வேலை கிடைத்தது. பாண் கடைக் கதவு, மிருக வைத்தியரின் மதில், சந்தியில் நிறுத்தி வைத்த வைக்கோல் உருளை, மருந்துக்கடைக் கண்ணாடி என்று பார்த்துப் பார்த்து ஒரு பட்டியல் எழுதினேன். ஒன்று வெங்காயத்துக்கு, ஒன்று பன்றிக்கு, ஒன்று முலாம்பழத்துக்கு. எந்த ஊரில் எது விளைகிறதோ அதன் பெயரில் ஓடுகிறார்கள். நமக்கும் வல்லாரை ஓட்டம் ஒன்று வைக்கலாம் என்றேன். வாசுகி சிரிக்கவில்லை.

வெங்காய ஓட்டத்துக்கு அவளே காரில் கூட்டிப் போனாள். இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மூச்சிரைக்க ஓடுகிறவர்களைப் பார்க்க அவளால் முடியாது. காரணம் எனக்கு விளங்கியது. பதிவு மேசையில் கழுத்தில் கண்ணாடி தொங்கவிட்ட அம்மையார் ஒருவர் மருத்துவச் சான்றிதழ் கேட்டார். இப்போது அதெல்லாம் தேவையில்லையாம், ஃபோனில் ஏதோ வீடியோ பார்த்தால் போதுமாம். அப்போது தேவைப்பட்டது. நான் விடுவேனா? பிரான்சில் ஓடச் சந்தர்ப்பம் கிடைத்தாலும் கிடைக்கும், அங்கே சான்றிதழ் கேட்பார்களாம் என்று வெள்ளவத்தையிலேயே எங்கள் டிஸ்பென்சரி டொக்டரிடம் எழுதி வாங்கியிருந்தேன். "ஓட்டமோ? இந்த வயசிலயோ டீச்சர்?" என்று கேட்டபடியே எழுதி, முத்திரை குத்தி, உறையில் போட்டு ஒட்டித் தந்தார். ஒட்டித் தந்த உறையைப் பிரிக்காதது எங்கள் வளர்ப்பு.

அம்மையார் பிரித்தார். கண்ணாடியைப் போட்டார். எழுத்துக் கூட்டி ஆங்கிலத்தில் வாசித்தார். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "மேடம், உங்களுக்குக் கடுமையான இடுப்பு வலி என்றும், ஏழு நாள் படுக்கையில் ஓய்வு தேவை என்றும் இதில் இருக்கிறது."

கடவுளே! டொக்டரைக் குறை சொல்லி என்ன பயன்? கொழும்பில் மெடிக்கல் எடுப்பது லீவு போட. முப்பது வருடமாக அந்தக் கை அதைத்தான் எழுதுகிறது. அவர் என்னோடு கதைத்துக்கொண்டிருந்தார், கை தன் பாட்டில் எழுதிவிட்டது. அன்றைக்கு நான் ஒரு வாங்கில் உட்கார்ந்து, ஓடுகிறவர்களுக்குக் கை தட்டினேன். வருகிறவர் போகிறவரெல்லாம் இடுப்பு எப்படி இருக்கிறது என்று சைகையால் விசாரித்தார்கள்.

"நல்லது. கடவுள் பாத்துச் செய்த வேலை" என்றாள் வாசுகி, காரைக் கிளப்பிக்கொண்டே.

நான் விடவில்லை. செவ்வாய்க்கிழமை அவளுடைய குடும்ப வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனேன். ரவிக்குக் கடைசியாகக் குளிசை எழுதியவரும் அவர்தான். காத்திருக்கும் அறையில் வாசுகி என் கையைப் பிடித்திருந்தாள். பெரிய பிழை செய்துவிட்டேனோ என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது.

வைத்தியர் குழாய் வைத்துப் பார்த்தார், நாடி பிடித்தார். பிறகு ஏதோ சொன்னார். "முப்பது தரம் குந்தி எழும்பட்டாம். கெதியா" என்று வாசுகி மொழிபெயர்த்தாள். அந்த நாட்டில் இதயத்தைச் சோதிக்க அது ஒரு முறையாம். சரி என்று எழுந்து நின்றேன். நான் செய்தது எனக்கே தெரியாது. சின்ன வயதில் நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தபோது, ஒவ்வொரு பள்ளிக்கூடச் சோதனைக்கு முன்னாலும் அம்மா எங்களைப் பிள்ளையாருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். குந்தி எழும்பு என்றால் இந்த உடம்புக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டு கையும் குறுக்காகப் போய்க் காதைப் பிடித்துக்கொண்டன. கண்ணை மூடி, முப்பதும் போட்டு முடித்து, நெற்றியில் மூன்று குட்டும் குட்டிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தால் வைத்தியர் நாடி பிடிக்க மறந்து நிற்கிறார். காதைப் பிடிப்பது மூச்சுக்கு நல்லதா என்று அக்கறையாகக் கேட்டார். பக்கத்தில் ஒரு சத்தம். வாசுகி. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "அக்கா... அடி விசரி... ஒரு தேங்காயும் உடைச்சிருக்கலாமே" என்று சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். சான்றிதழோடு நான் போனபோது மதிலில் சாய்ந்து நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிரிக்க முடியவில்லை. நானும் பக்கத்தில் நின்று அதையே செய்தேன். வீதியால் போன ஒருவர் தொப்பியைக் கழற்றி அனுதாபம் தெரிவித்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு பன்றி ஓட்டம். தோளில் குறுக்காக நாடாப் போட்ட மேயர் ஒரு நிமிடம் பேசினார். ஒரே ஒரு நிமிடம்! மாதா கோயில் மணி அடித்தது, ஓடினோம். பத்துக் கிலோமீட்டர் என்பது அங்கே ஒரு நல்லெண்ணம் மட்டும்தான். பாதி வழியில் ஒரு விவசாயி தன் வயலைப் பூட்டிவிட்டதால் எல்லோரும் அறுநூறு மீட்டர் சுற்றிப் போனோம். நான் கடைசி. கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு டிராக்டர் வந்தது. அதை ஓட்டியவர் எனக்கு உற்சாகம் தருவதாக நினைத்து ஹோர்னை அடித்துக்கொண்டே வந்தார். கொழும்பின் காலி வீதியில் நூறாம் நம்பர் பஸ்ஸுக்கு முன்னால் ஓடிப் பழகிய எனக்கு இது தூசு.

முடிவில் ஓடியவர்களின் இலக்கங்களைச் சீட்டுக் குலுக்கினார்கள். விழுந்தது எனக்கு. ஏழு கிலோ பன்றித் தொடை. வெள்ளியும் செவ்வாயும் மச்ச மாமிசம் தொடாத, மற்ற நாளிலும் பன்றி தொடாத எனக்கு! ஓட்டம் நடக்கிற இடத்தில் வாசுகி முதன்முறையாகக் காரிலிருந்து இறங்கினாள். படம் எடுப்பதற்காக.

தொடையை என்ன செய்வது? "மூண்டாம் வீட்டில ஒரு மனுசி இருக்கு, குடுத்திட்டு வா" என்றாள். "நீயும் வா, எனக்குப் பாஷை தெரியாது" என்றேன். ஒரே தெருவில் ஒன்பது வருடம். வணக்கம் தவிர வேறு சொல் பேசியதில்லை. கதவைத் திறந்தவர் பெயர் மொனிக். தபால்காரியாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயது, கட்டைத் தலைமயிர். தொடையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், உள்ளே இழுத்து உட்கார வைத்தார். கருவாடு மணக்கும் ஒரு சீஸை வெட்டித் தந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். ருசி நன்றாகத்தான் இருந்தது. ரவியின் கடிதங்களை ஓய்வு பெறும்வரை தானே கொண்டுவந்து போட்டதாக மொனிக் சொன்னார். வாசுகி அதை எனக்குத் தமிழில் சொல்லிவிட்டுத் தலை குனிந்தாள். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒரு மணி நேரம் கதைத்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, மொழிபெயர்க்க ஒருவரும் நினைக்கவும் இல்லை.

ஞாயிறு பின்னேரங்களில் அம்மா ஃபோன் எடுப்பார். "அவள் எப்ப வாறாளாம்?" எனக்குச் சுகமா, சீனி எவ்வளவு என்று ஒரு வார்த்தை கிடையாது. "கதைச்சுக்கொண்டிருக்கிறன் அம்மா" என்பேன்.

மூன்றாவது ஞாயிறு, முலாம்பழ ஓட்டம். வாசுகிக்கு வேலை. பஸ்ஸில் போகலாம் என்று தரிப்பிடத்தில் நின்றேன். அழகான கண்ணாடிக் கூண்டு, வாங்கு, நேர அட்டவணை, எல்லாம் இருந்தது. பஸ் மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடாது என்று அட்டவணையின் அடியில் எறும்பெழுத்தில் இருந்ததாம். நம் ஊரில் அட்டவணை கிடையாது, ஆனால் கை காட்டினால் ஏதாவது ஒன்று நிற்கும், "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று கொண்டக்டர் முன்னுக்குப் போகச் சொல்லி முதுகில் தட்டி உள்ளே தள்ளுவார். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு அந்த வழியால் வந்த ஒரே வாகனம் மொனிக்கின் பழைய கார். அதை வழியில் நாற்பது பசுக்கள் மறித்தன. நாங்கள் போய்ச் சேர ஓட்டம் தொடங்கி இருபது நிமிடம். பரவாயில்லை ஓடு என்று இலக்கத்தைக் குத்திவிட்டார்கள். கடைசியாக வந்தேன். ஆனால் என் நேரத்திலிருந்து இருபது நிமிடத்தைக் கழித்து எழுதினார்கள். நியாயமான மனிதர்கள்.

திரும்பி வரும்போது மொனிக் கையாலும் காலாலும் விளக்கியது இது: அடுத்த ஞாயிறு எங்கள் ஊர் ஓட்டம். நடத்துவது மொனிக்கின் குழு. பாதை வாசுகியின் வீட்டு வாசலால் போகிறது. அது ஆறாவது கிலோமீட்டர். தண்ணீர் மேசை போட ஆள் இல்லை. வாசுகி செய்வாளா? நான் மூத்தவள். எங்கள் வழக்கப்படி தங்கையைக் கேட்காமலே ஓம் என்றேன்.

"ஆரைக் கேட்டு ஓமெண்டனி?" வீட்டில் சன்னதம். "ஒவ்வொரு வருசமும் உவை ரோட்டைப் பூட்டுறதெண்டு நானும் அவரும் பேசித் திட்டாத நாளில்லை. அவர் மேயருக்குக் கடிதமே எழுதினவர். நான் போய் உவைக்குத் தண்ணி வாக்கிறதோ?"

"அப்ப வேண்டாமெண்டு நீயே சொல்லு."

வியாழக்கிழமை வேலையால் வந்தவள் கையில் ஐந்து கிலோ கடலைப் பருப்பு. "வெறும் தண்ணியை எப்பிடிக் குடுக்கிறது? மரியாதையில்லை" என்றாள். சனிக்கிழமை இரவு பருப்பு ஊறியது. விடிய நாலு மணிக்கு யன்னல்களைத் திறந்துவிட்டு வடை சுட்டோம். அந்த மணம் கோயிலடி வரை போயிருக்கும். புளிக்கப் புளிக்கத் தேசிக்காய் பிழிந்த தண்ணீர் இரண்டு பெரிய வாளி, உப்பும் சீனியும் போட்டு.

நான் ஓடப் போய்விட்டதால் நடந்ததைப் பிறகு கேட்டுத்தான் எழுதுகிறேன். புத்தரின் வெசாக் பண்டிகைக் காலத்தில் காலி வீதியில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் இலவசமாகத் தன்சல் போடுகிறவர்களைத் தெரியும்தானே? பஸ்ஸையே மறிப்பார்கள். குடித்து, தின்று, போதும் என்று கும்பிடும்வரை விடமாட்டார்கள். வாசுகிக்குத் தெரிந்த தண்ணீர் மேசை அதுதான். ஓடுகிறவர்கள் கோப்பையைப் பறித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. முதலாவதாக வந்தவர் ஒரு பல் வைத்தியர். கறுப்புக் கண்ணாடி, கையில் இரண்டாயிரம் பட்டன் வைத்த மணிக்கூடு. அந்த வருடம் புதிய சாதனை என்று ஊரே எதிர்பார்த்த ஆள். வாசுகி தட்டோடு நடு வீதியில் இறங்கி நின்றாள். "முதலில் சாப்பிடுங்கள். ஓட்டம் எங்கும் போய்விடாது" என்றாள்.

அவர் விலகினார். அவளும் விலகினாள். முதியோர் இல்லத்தில் சாப்பிட மறுக்கிறவர்களை ஒன்பது வருடம் சமாளித்தவள் அவள். கடைசியில் அவர் வாயைத் திறந்தார். செத்தல் மிளகாய் வேலை காட்டியது. தேசிக்காய்த் தண்ணீர் கேட்டார். பிறகு இன்னொரு வடை கேட்டார். அதற்குள் இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது ஆட்கள் வந்துவிட்டார்கள்.

நான் ஆறாவது கிலோமீட்டரைத் திரும்பியபோது, வெள்ளவத்தைச் சந்தியில் பள்ளிக்கூடம் விட்ட நேரம் போல எங்கள் வாசல் நிறைந்திருந்தது. நடுவில் வாசுகி. முகமெல்லாம் வியர்வை, தலையில் யாரோ மாட்டிய குழுவின் தொப்பி. ஒருவருக்கு வாயைத் துடைக்கக் கடதாசி, ஒருவருக்கு அதட்டல். மூச்சிரைக்கிற நூறு பேருக்கு நடுவில் அவள் நின்றாள். என்னைப் பார்த்தாள். "ஐயோ அக்கா, நீ ஓடு, நீ வீட்டில சாப்பிடலாம்!" என்று தமிழில் கத்தினாள். ஓடினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கடைசியில்லை. என் பின்னால் அறுபத்துமூன்று பேர்.

வென்றவர் வயிற்றுப் புண் காரணமாக வடையை மறுத்த ஒரு தச்சர். பல் வைத்தியர் முறைப்பாடு செய்தார். மேயர் கையில் பாதி வடையை வைத்துக்கொண்டு, வழியில் சாப்பிடக்கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

மேசைகளை மடிக்கும் நேரத்தில் மொனிக் ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டார். அடுத்த வருட ஓட்டத்துக்கு யார் யார், என்ன என்ன வேலை. தாள் வாசுகியிடம் வந்தது. அவள் யோசிக்கவில்லை. தன் பெயரை எழுதினாள், பக்கத்தில் ஏதோ எழுதி அடிக்கோடிட்டாள். பிறகு நான் எட்டிப் பார்த்தேன். வடை, நானூறு.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஒரு மாதம் ஓடி ஓடி நானே என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். அடுத்த வருடமும் அம்மாவின் குளிசையை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். பிறகு அவளைப் பார்த்தேன். வடைச் சட்டியை மொனிக்கோடு சேர்ந்து கழுவிக்கொண்டிருந்தாள். கோபம் அதற்கு மேல் நிற்கவில்லை.

"அப்ப நீ வரேல்லை" என்றேன்.

சட்டியைத் தேய்த்தபடியே இருந்தாள். "அம்மாட்ட நான் சொல்லட்டா, நீ சொல்லுறியா?"

"நான் சொல்லுறன்."

பின்னேரம் அம்மா எடுத்தார். வழக்கமான கேள்வியை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அவள் வரமாட்டாள் அம்மா, அவளுக்கு இங்கை ஆக்கள் இருக்கினம் என்றேன். கட்டிலையும் பெட்ஷீட்டையும் பற்றி ஒரு பாட்டம் வரும் என்று ஃபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். காலி வீதியின் ஹோர்ன் சத்தம் மட்டும் கேட்டது. லைன் அறுந்துவிட்டதோ என்று ஹலோ, ஹலோ என்றேன்.

"பிள்ளை" என்றார் அம்மா. குரல் அவருடையது போல இல்லை. "நீ... நீயாவது வருவாய்தானே?"

"வருவன் அம்மா" என்றேன். "செவ்வாய்க்கிழமை விடிய வந்திடுவன். கதவைப் பூட்டிக்கொண்டு படுங்கோ."